மணிக்காரனும் உளுந்தங்களியும்

போனை மறைக்க வேண்டாம் சார், தாராளமாகப் பாருங்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்தும் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே இப்படித்தான் இருக்கிறேன். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டரைப் பார்த்தும் சிரித்தேன். அவர் என் வாயை மோந்து பார்க்காத குறை.

மணிக்காரன் ஜெயித்துவிட்டான். அதுதான் விஷயம். இன்றைக்கு விடியற்காலை, கடைசிச் சண்டையில்.

மணிக்காரன் என்றால் உங்களுக்குத் தெரியாது. டிவியில் அமெரிக்காக்காரர்கள் மல்யுத்தம் காட்டுவார்களே, ஜட்டி போட்டுக்கொண்டு, கயிறு கட்டிய மேடையில்? அதில் ஒருவன். அவனுடைய நிஜப் பெயர் என் வாயில் நுழையாது. கையில் ஒரு பித்தளை மணியோடு வருவான், பள்ளிக்கூடத்துப் பியூன் ஆட்டுகிற மாதிரி மணி. எதிராளி கீழே கிடக்கும்போது அதை மூன்று தடவை ஆட்டுவான். பிறகு மூலைக் கம்பத்தில் ஏறி மேலேயிருந்து விழுவான். அவ்வளவுதான், எதிராளி எழுந்திருக்க மாட்டான். மணிக்காரன் என்று பெயர் வைத்தது என் மனைவி செலின். அவளுக்கு மல்யுத்தத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. அவனோடு மோதுகிற ஏழடி ஆள் ஒருவன் உண்டு, வெள்ளை வெளேரென்று, கழுத்தே இல்லாமல். அவனுக்கு அம்பாரம் என்று பெயர் வைத்ததும் அவள்தான். எங்கள் தூத்துக்குடியில் உப்பளத்தில் உப்பைக் குவித்து வைத்திருப்பார்களே, அதுதான் அம்பாரம். ஆளைப் பார்த்தால் நீங்களும் அதையேதான் சொல்வீர்கள்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் சார். முப்பத்தோரு வருஷம். இந்த உடம்பைப் பார்த்துவிட்டு நம்ப மாட்டீர்கள். ஒரு நெம்புகோலை இழுத்தால் இருபது டன் மேலே போகும், ஆனால் வீட்டில் தண்ணீர்க் குடத்தை அவள்தான் தூக்குவாள். அப்படிப்பட்டவனுக்கு மல்யுத்தம் ஏன் பிடித்தது என்று கேட்காதீர்கள். பிடித்தது.

மாதத்துக்கு ஒரு பெரிய காட்சி நடக்கும். அமெரிக்காவில் அதற்கென்று தனியாகப் பணம் கட்டித்தான் பார்க்க வேண்டுமாம். வாரா வாரம் சும்மா காட்டுவதெல்லாம் வாய்ச்சண்டை. யார் யாரை முடிக்கிறான் என்பது பெரிய காட்சியில்தான் தெரியும். அந்த நாளில் எங்கள் ஊருக்கு வருகிற சேனலில் அதை உடனே போட மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போடுவார்கள். அந்த ஒரு வாரம் இருக்கிறதே, அது எனக்கு விரதம் மாதிரி. உலகத்துக்கெல்லாம் முடிவு தெரியும், எனக்குத் தெரியக்கூடாது. டீக்கடைக்குப் போக மாட்டேன். கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஆபீஸ் பையன்கள் பக்கம் திரும்ப மாட்டேன். கிரேன் கேபினுக்கு மேலே ஏற எண்பத்தாறு படி. ஏறி உட்கார்ந்துவிட்டால் எவனும் வந்து சொல்ல முடியாது. மதியச் சாப்பாட்டைக்கூட மேலேயே வைத்துக்கொள்வேன்.

அதற்கும் ஒரு நாள் சோதனை வந்தது. கீழே நின்று சைகை காட்டுகிறவன் சூசை. அவன் மகா குறும்புக்காரன். கிரேனின் நீள் கையை, நாங்கள் பூம் என்போம், அதை இறக்கச் சொல்ல வேண்டுமென்றால் கட்டைவிரலைக் கீழே காட்ட வேண்டும். அதுதான் விதி. அப்படி ஒரு வாரத்தில், புதன்கிழமை, மரத்தடிக் கட்டு ஒன்று நடுவானில் தொங்கும்போது சூசை கட்டைவிரலைக் கீழே காட்டுகிறான். காட்டிவிட்டுச் சிரிக்கிறான். பூமை இறக்கச் சொல்கிறானா, மணிக்காரன் தோற்றான் என்கிறானா? நீங்களே சொல்லுங்கள், நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? கண்ணை மூடிக்கொண்டேன். பத்து நிமிஷம் கட்டு அப்படியே தொங்கியது. ஃபோர்மேன் எண்பத்தாறு படி ஏறி வந்து கதவைத் தட்டினார். மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கு முடிவு தெரியவில்லை, பார்த்தீர்களா.

எல்லாம் நடிப்பு என்பான் சூசை. “லே மிக்கேலு, அவனுக ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பிரியாணி தின்னுட்டு வந்து அடிச்சுக்கிடுறானுகலே” என்பான். எனக்குத் தெரியாதா? எனக்கும் தெரியும். முன்னாலேயே பேசிவைத்துக்கொண்டுதான் அடிக்கிறார்கள். ஆனால் பத்தடி உயரத்திலிருந்து முதுகு தரையில் மோதுவது நடிப்பா? சரி, அதை விடுங்கள். அந்த வழக்குக்கு இப்போது போக வேண்டாம்.

நான் சொல்ல வந்தது களியைப் பற்றி.

இரண்டாயிரத்து ஒன்றில் மணிக்காரன் முதல் தடவையாக அம்பாரத்திடம் தோற்றான். அநியாயத் தோல்வி. நடுவர் பார்க்காத நேரத்தில் அந்த மணியையே பிடுங்கி, அதாலேயே இவன் மண்டையில் போட்டான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போய், கிரேனிலிருந்து இறங்கும்போது தலை சுற்றிக் கடைசி நாலு படியில் உருண்டேன். நல்லவேளை, கடைசி நாலு. கணுக்கால் வீங்கியதோடு போயிற்று. டாக்டர் பிரஷர் என்றார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் கேட்காது, மனதில் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது, ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது என்று செலினிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. அவள் மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த பெரிய காட்சி. மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது சண்டை ஓடுகிறது, மணிக்காரன் சண்டை கடைசியில்தான். அடுப்பங்கரையிலிருந்து கருப்பட்டி உருகுகிற வாசனை வருகிறது. என்னவென்று கேட்டால் உளுந்தங்களி என்கிறாள். உளுந்தங்களி கிண்டியிருக்கிறீர்களா? கிண்டுகிறவர்களைப் பார்த்தாவது இருக்கிறீர்களா? உளுந்து மாவு, கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய். விடாமல் கிண்ட வேண்டும், கை கழன்றுவிடும். பிள்ளை பெற்றவளுக்கும் பெரியவளான பெண்ணுக்கும் இடுப்புக்குப் பலம் என்று கொடுப்பது. எனக்கோ உயிர். அதற்காக ஞாயிற்றுக்கிழமை, கறி எடுக்கிற நாளில், காலையில் யாராவது களி கிண்டுவார்களா?

அன்றைக்கு மணிக்காரன் தோற்றான். அவள் வந்து டிவியை அமர்த்திவிட்டு, களியை உருட்டி நடுவில் குழித்து எண்ணெய் விட்டுக் கையில் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டேன். களியை எப்படி வேண்டாம் என்பது?

அடுத்த மாதம் களி இல்லை, புட்டு. மணிக்காரன் ஜெயித்தான். அதற்கடுத்த மாதம் தோசை. ஜெயித்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கருப்பட்டி வாசனை. தோற்றான். எனக்குச் சுரீர் என்றது சார். கிரேன் ஓட்டுகிறவனுக்குக் காற்று திரும்பினால் முதுகிலேயே தெரியும். ஐந்து வருஷத்தில் பதினாலு தடவை களி. பதினாலு தடவையும் தோல்வி. ஒன்றுகூடத் தப்பவில்லை. அடுப்பங்கரையிலிருந்து அந்த வாசனை வந்துகொண்டிருக்கும். மணிக்காரன் மேடைக்கு வந்து மணியை ஆட்டிக்கொண்டு சிரிப்பான். ஐயோ பாவி, உனக்குத் தெரியாதடா, இங்கே களி கிண்டுகிறாளடா என்று நினைத்துக்கொள்வேன்.

செலினிடம் சொன்னால் நம்ப மாட்டாள். “நான் இங்க கிண்டுறதுக்கும் அவன் அங்க விழுறதுக்கும் என்னங்க சம்மந்தம்?” என்பாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். விவரம் தெரியாதவள். அவளுக்கு டிவி விஷயத்தில் ஒரே ஒரு கவலைதான் உண்டு, படம் தெளிவாக வர வேண்டும். எனக்கு நன்றாகத்தான் தெரியும், ஆனால் அவளுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதாம். பெரிய காட்சிக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் கேபிள்காரர் தொம்மை வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவாள். இரண்டு தெரு தள்ளி. நான் போக முடியாது. தொம்மை பெரிய பெரிய டிஷ் வைத்திருந்தார். வெளிநாட்டுச் சேனலெல்லாம் அவர் வீட்டில் ஓடும். அவருக்கு ஒரு வாரம் முந்தியே முடிவு தெரியும், வாயும் சும்மா இருக்காது. அந்தத் தெருப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன். அவள் போய்ப் பேசிவிட்டு வருவாள். வருகிற வழியில் சில நாள் கருப்பட்டி வாங்கிக்கொண்டு வருவாள். சில நாள் வெறுங்கையோடு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவாள்.

என்ன சார், சிரிக்கிறீர்கள்? பரவாயில்லை, சிரியுங்கள். இன்றைக்கு எல்லோரும் சிரிக்கலாம்.

இரண்டாயிரத்து ஆறில் பெல்ட் சண்டை வந்தது. பெல்ட் என்றால் தங்கத் தகடு வைத்தது, ஜெயித்தவன் இடுப்பில் கட்டிக்கொள்வான். மணிக்காரன் அதுவரைக்கும் அதைத் தொட்டதில்லை. எதிரில் அதே அம்பாரம். சனிக்கிழமை அவள் தொம்மை வீட்டிலிருந்து வந்தாள், கையில் கருப்பட்டிப் பொட்டலம். நான் வாசலிலேயே மறித்துவிட்டேன். இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் நான் அவளை அதட்டியது அந்த ஒரு தடவைதான்.

“நாளைக்கு இந்த வீட்டு அடுப்புல களி ஏறப்படாது. ஏறிச்சு, நான் மனுஷனா இருக்கமாட்டேன்.”

அவள் மெதுவாகக் கேட்டாள், பால்கொழுக்கட்டை பண்ணட்டுமா என்று. இனிப்பே வேண்டாம் என்றேன். சரி என்றாள். மறுநாள் காலையில் இட்லி. சட்னிகூட வழக்கமான சட்னிதான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஜெயித்தாயிற்று, பெல்ட் நமக்குத்தான் என்று முதல் சண்டையிலிருந்தே கைதட்டிக்கொண்டிருந்தேன். அவள் அடிக்கடி வந்து நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

தோற்றான் சார். மணியை இரண்டு தடவை ஆட்டினான், மூன்றாவது தடவைக்குக் கை உயரவில்லை. அம்பாரம் அவன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். எப்படி? களி இல்லையே! சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்போது பக்கத்து வீட்டுப் பிலோமி மூடிய பாத்திரத்தோடு வருகிறாள். மூடியைத் திறந்தால் உளுந்தங்களி. என் வீட்டு அடுப்பில் ஏற்றக்கூடாது என்றேன் அல்லவா? செலின் விடிவதற்கு முன்னால் எழுந்துபோய்ப் பிலோமி வீட்டு அடுப்பில் கிண்டி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்!

அன்றைக்குத்தான் எனக்குச் சூட்சுமம் விளங்கியது. அடுப்பில் ஒன்றுமில்லை. எந்த அடுப்பாக இருந்தால் என்ன, கிண்டிய கை அவளுடையது. கோபம் வந்தது. ஆனால் இரண்டு வாய் சாப்பிட்டதும் கோபம் நிற்கவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் முழுவதும் சாப்பிடுகிற வரைக்கும் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு தடுப்பதை விட்டுவிட்டேன். விதி என்று விட்டுவிட்டேன்.

அவள் போய் நாலு வருஷமாகிறது. நுரையீரலில் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள், மணிக்காரன் எப்பங்க ரிட்டயர் ஆவான் என்று. அந்த நிலைமையிலும் பாருங்கள், அவனை விடவில்லை! இன்னும் கொஞ்ச நாள் ஆடுவான், நீ கவலைப்படாதே என்றேன். கவலைதான் என்றாள்.

பிறகு களி இல்லை. களி இல்லாமலே ஏழு தடவை தோற்றான். அதை வைத்துக்கொண்டு சூசை என்னை மடக்கப் பார்த்தான். அது வேறு, அது முழங்கால். வயசாகிவிட்டது அவனுக்கு, ஐம்பத்திரண்டு. அந்த ஏழு தடவையும் எனக்கு அன்றைக்குப் பூராவும் சோறு இறங்கவில்லை. அதுவும் வேறு.

இப்போது எல்லாம் நேரடியாகவே வருகிறது. மகள் ஜெசிந்தா பாளையங்கோட்டையில் இருக்கிறாள், அவள்தான் ஏற்பாடு செய்து கொடுத்தாள். அங்கே ஞாயிறு சாயங்காலம் நடக்கும்போதே இங்கே திங்கள் விடியற்காலையில் பார்த்துவிடலாம். விரதம் கிடையாது, காதைப் பொத்த வேண்டியதில்லை. தொம்மையும் கேபிளை விட்டுவிட்டு பைப் கடை வைத்துவிட்டார். ஒரு மாதமாக விளம்பரம்: மணிக்காரனும் அம்பாரமும் கடைசியாக ஒரு தடவை. மணிக்காரன் தோற்றால் அன்றோடு மேடையை விட்டுப் போக வேண்டும். ஜெயித்தாலும் போகிறான், ஆனால் தலைநிமிர்ந்து போவான். தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டேன். இருபத்தைந்து வருஷம் சார். அவன் குப்புற விழுந்து போவதைப் பார்த்தால் என்னால் தாங்க முடியாது. அதை மட்டும் நான் பார்க்கக்கூடாது என்று மாதாவிடம் வேண்டி மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

இன்றைக்குக் காலை ஐந்து மணி. டிவியைப் போட்டாயிற்று. கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் பிலோமி. கையில் மூடிய பாத்திரம். திறக்கவே வேண்டாம், வாசனை வந்துவிட்டது.

என்ன காரியம் பண்ணினாய், யார் உன்னைக் கிண்டச் சொன்னது என்றேன்.

பிலோமி நிதானமாகச் சொன்னாள், “அக்கா சொல்லிட்டுப் போனதுண்ணே. அவனுக்குக் கடைசிச் சண்டை என்னைக்கு வருதோ, அன்னைக்குக் கிண்டிக் குடுத்துருன்னு. ஜெயிப்பானா தோப்பானான்னு அப்ப கேட்டுச் சொல்ல யாரும் இருக்கமாட்டாங்க, அதனால எதுக்கும் குடுத்துருன்னு.”

செத்தும் விட மாட்டேன் என்கிறாளே சார்! பாத்திரத்தை வாங்கி வெளியே காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தினேன். வாசனைகூட உள்ளே வரக்கூடாது.

சண்டையைச் சொல்கிறேன், கேளுங்கள். மணிக்காரன் வந்தான். முழங்காலில் பட்டை. நடையில் ஒரு சாய்வு. ஆனால் மணி பளபளவென்று இருக்கிறது, யாரோ புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அம்பாரத்துக்கும் வயசுதான், ஆனால் அம்பாரம் கரையுமா? தூக்கித் தூக்கிப் போட்டான். மூன்று தடவை நடுவர் தரையைத் தட்ட ஆரம்பித்தார், மூன்று தடவையும் மணிக்காரன் தோளை உயர்த்தினான். நான் நாற்காலியில் இல்லை, தரையில் மண்டியிட்டிருந்தேன். பிறகு அம்பாரம் ஒரு காரியம் பண்ணினான். மணியைப் பிடுங்கிக் கூட்டத்துக்குள் வீசி எறிந்துவிட்டான். தூரமாக, எங்கேயோ மேல் வரிசையில். முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தக் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? மணியைக் கை மாற்றிக் கை மாற்றிக் கீழே கொண்டு வந்தார்கள். தலைக்கு மேலேயே வருகிறது. ஒவ்வொரு கையும் ஒரு தடவை ஆட்டிவிட்டு அடுத்த கைக்குக் கொடுக்கிறது. இருபதாயிரம் பேர் சார். மணிச் சத்தம் படிப்படியாகக் கிட்டே வருகிறது. அம்பாரம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை அவனுக்கு. மேடையை ஒட்டிய முன்வரிசையில் ஒரு கிழவர், என் வயதிருக்கும், கயிற்றுக்குள் கையை விட்டு மணியை மணிக்காரனிடம் கொடுத்தார். அவன் ஆட்டினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது தடவைக்குக் கை உயர்ந்தது சார். உயர்ந்தது. ஏறினான், விழுந்தான், நடுவர் தட்டினார், ஒன்று, இரண்டு, மூன்று.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே முழுதாகத் தெரியாது. கதவைத் திறந்து ஓடினேன். வீட்டில் மணி இல்லை. சுவர் மேல் இருந்த பாத்திரத்தின் மூடியை எடுத்தேன், உள்ளே கிடந்த கரண்டியால் டணடணவென்று தட்டினேன். தெருவே எழுந்து வந்துவிட்டது. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். யார் வீட்டில் என்ன ஆயிற்று என்று ஒருவர் ஓடி வருகிறார். பிலோமி தலையில் துண்டோடு வந்து நின்று, “ஜெயிச்சுட்டானாண்ணே?” என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் அங்கேயே நின்றபடி களியைக் கரண்டியாலேயே அள்ளிச் சாப்பிட்டேன். இன்னும் சூடு இருந்தது. நாலு வருஷம் கழித்து.

அப்போதுதான் உறைத்தது. களி இருந்தும் ஜெயித்திருக்கிறான்! ஆக, களியிலும் ஒன்றுமில்லை, அடுப்பிலும் ஒன்றுமில்லை. இது பிலோமி கிண்டியது. அது செலின் கிண்டியது. நான் சொன்னேனே, கை! அவ்வளவு வல்லமை இருந்திருக்கிறது சார் அந்தக் கையில். தூத்துக்குடியில் அடுப்படியில் நின்றுகொண்டு ஒரு அகப்பையைச் சுழற்றினால், அமெரிக்காவில் ஒருத்தன் பொத்தென்று விழுந்திருக்கிறான். அவளுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் கிண்டியிருக்க மாட்டாள், பாவம்.

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். அப்பா, ஆபீஸ் கிளம்புகிறேன், சாயங்காலம் பேசலாமா என்றாள். சாயங்காலம் வரைக்கும் எப்படி வைத்திருப்பது? நேரிலேயே சொல்லிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். அவளுக்கும் கொஞ்சம் இருக்கிறது, இந்தத் தூக்குவாளியில்தான். வல்லநாட்டுப் பாலம் வந்துவிட்டதா? அப்படியென்றால் இன்னும் இருபது நிமிஷம்தான். நீங்கள் ஒரு உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள் சார். பயப்படாதீர்கள், இனிமேல் தோற்க யாரும் இல்லை.

என்ன கேட்டீர்கள்? மணிக்காரன் ஜெயிக்கிற மாதமும் அவள் தொம்மை வீட்டுக்குப் போவாளா என்றா? போவாளே. எல்லா மாதமும் போவாள். சொன்னேனே, படம் சரியாக வரவில்லை என்று.

இல்லை சார், அவளுக்கு மல்யுத்தம் ஒன்றும் தெரியாது. நான் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்குப் படம் தெளிவாக வர வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான். எண்ணெய் சொட்டுகிறது பாருங்கள், சட்டையில் படாமல் சாப்பிடுங்கள்.